தொலைதூரத் தீவுகளுக்கான பயணச் செலவை யார் ஏற்பது?

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே அமைந்துள்ள சென். ஹெலினா தீவின் பரப்பளவு 122 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. மக்கள்தொகை ஏறத்தாழ 4,500. ஆபிரிக்கக் கரையோரத்திலிருந்து சுமார் 1,900 கிலோமீற்றர் தொலைவில் உள்ள இத்தீவில் விமான நிலையமொன்றை அமைப்பதற்காக பிரித்தானிய அரசாங்கம் 285 மில்லியன் பவுணுக்கும் அதிகமான தொகையைச் செலவிட்டது. தீவுவாசி ஒருவருக்கு 60,000 பவுணுக்கும் மேற்பட்ட செலவு இதுவாகும். 2016 மே மாதத்தில் திறக்கப்படவிருந்த அந்த விமான நிலையத்தில் முதலாவது பயணிகள் விமானசேவை ஆரம்பமாவதற்கு 2017 ஒக்டோபர் 14 ஆம் திகதி வரை காத்திருக்க நேரிட்டது. இடைப்பட்ட காலத்தில் உலகின் மிகப் பயனற்ற விமான நிலையம் என பிரித்தானியப் பத்திரிகைகள் அதனைக் கேலி செய்தன.

கேலி செய்வது இலகுவானது. ஆனால், உலகின் ஒதுக்குப்புறங்களில் வாழும் மக்களுக்கு விமானசேவை என்பது எவ்வாறு கிடைக்கின்றது, அதற்கான பணம் எங்கிருந்து வருகின்றது என்ற கேள்விகளை அந்தக் கேலி மறைத்துவிடுகின்றது. விமானத்தில் செல்பவர் வாங்கும் பயணச்சீட்டின் விலையே பயணத்தின் விலை என நாம் எண்ணிக்கொள்கிறோம். பெருநகரங்களுக்கிடையிலான சேவைகளைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. தொலைதூரத் தீவுகளைப் பொறுத்தவரை அது அநேகமாக ஒருபோதும் உண்மையாக இருந்ததில்லை.

இங்கே இரண்டு வெவ்வேறு சிரமங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று தூரம், மற்றையது பயணிகளின் சொற்ப தொகை. முதலில் தூரத்தைப் பார்ப்போம்.

தூரம் இருமடங்கானால் எரிபொருள் செலவும் இருமடங்காகும் எனக் கருதுவது இயல்பானதே. உண்மையில் அது இருமடங்கையும் விஞ்சிவிடும். காரணம், பயணத்தின் கடைசி மணித்தியாலங்களில் எரிக்கப்பட வேண்டிய எரிபொருளையும் விமானம் ஆரம்பத்திலிருந்தே சுமந்து செல்ல வேண்டியிருப்பதாகும். மேலதிகமாக ஏற்றப்படும் எரிபொருளில் மணித்தியாலத்துக்கு நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு வரையில் அதைச் சுமப்பதற்காகவே எரிந்து போகின்றது. பாலைவனத்தைக் கடக்கும் ஒட்டகத்தின் மீது அந்த ஒட்டகத்துக்கான தண்ணீரையும் ஏற்றிச் செல்வதைப் போன்றது இது. பயணம் நீளநீள, வியாபாரப் பொருளுக்கான இடம் சுருங்கிவிடுகின்றது.

சிங்கப்பூர் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் அனுபவம் இதற்குத் தகுந்த உதாரணமாகும். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்கை அண்டிய நெவார்க் நகருக்கு இடையில் எங்கும் தரிக்காமல் செல்லும் சேவையை அந்நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் ஆரம்பித்தது. 15,300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 18 மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. பயன்படுத்தப்பட்டது நான்கு இயந்திரங்களைக் கொண்ட எயார்பஸ் ஏ340-500 ரக விமானம். 2008 ஆம் ஆண்டில் சாதாரண வகுப்பு ஆசனங்கள் யாவும் அகற்றப்பட்டு, 100 வர்த்தக வகுப்பு ஆசனங்களுடன் மாத்திரம் சேவை நடைபெற்றது. அவ்வாறு நடத்தியும் 2013 நவம்பரில் அது கைவிடப்பட்டது. இரண்டு இயந்திரங்களுடன் குறைந்தளவு எரிபொருளில் பறக்கக்கூடிய ஏ350 ரக விமானம் கிடைத்த பின்னரே, 2018 ஒக்டோபரில் அச்சேவை மீண்டும் தொடங்கியது. அப்போதும் 161 ஆசனங்களே பொருத்தப்பட்டிருந்தன. சாதாரண வகுப்பு ஆசனம் ஒன்றுகூட இருக்கவில்லை.

கவனிக்க வேண்டியது யாதெனில், அந்தச் சேவையின் இரு முனைகளிலும் இருப்பவை உலகின் செல்வம் கொழிக்கும் நகரங்கள். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக எவ்வளவும் கொடுக்கத் தயாரான வர்த்தகர்கள் அங்கே தாராளமாக உள்ளனர். அவர்களை வைத்துக்கொண்டே கணக்குச் சரிவராத தூரத்தை, ஒரு முனையில் சில ஆயிரம் மீனவர்களும் சிறு விவசாயிகளும் அரச ஊழியர்களும் மாத்திரமே வாழும் தீவுக்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை எவ்வாறிருக்கும்?

தனித்த தீவுகளின் விடயத்தில் தூரம் மேலும் ஒரு வகையில் செலவைக் கூட்டுகின்றது. வழக்கமாக ஒரு விமானம் தான் செல்லும் நிலையத்தில் இறங்க முடியாது போனால் பக்கத்திலுள்ள வேறொரு நிலையத்துக்குத் திரும்பிவிடும். அதற்குத் தேவையான எரிபொருளை மாத்திரம் மேலதிகமாக வைத்திருந்தால் போதுமானது. பசுபிக் சமுத்திரத்தில் சிலி நாட்டுக்குச் சொந்தமான ஈஸ்டர் தீவில் அதற்கு வழியில்லை. தலைநகர் சந்தியாகோவிலிருந்து 3,700 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள அத்தீவுக்கு அருகே மாற்று விமான நிலையம் எதுவுமே கிடையாது. இவ்வாறான தனித்த நிலையங்களுக்குச் செல்லும் ஜெட் விமானங்கள், தீவை அடைந்த பின்னரும் மேலும் இரண்டு மணித்தியாலங்கள் பறப்பதற்குப் போதுமான எரிபொருளை வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியாகும். காலநிலை சீரடையும் வரை வானத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பதற்கான எரிபொருள் அது. ஐந்து மணித்தியாலப் பயணத்துக்கு ஏறத்தாழ ஏழு மணித்தியால எரிபொருள்! அநேக நாட்களில் அந்த இரண்டு மணித்தியால எரிபொருளில் ஒரு துளிகூடத் தேவைப்படுவதில்லை. ஆனால், அதன் பாரத்துக்கான விலையை ஒவ்வொரு நாளும் கொடுக்க வேண்டியிருக்கின்றது. ஈஸ்டர் தீவில் இருப்பதோ ஒரேயொரு ஓடுபாதை. அதில் ஒரு விமானம் பழுதுற்று நின்றுவிட்டால் பின்னால் வருவது இறங்க வழியில்லை. இதனால், முன்னால் சென்ற விமானம் பத்திரமாகத் தரையிறங்கும் வரையில் அடுத்த விமானம் பாதி வழியைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் அங்கு நடைமுறையில் இருந்து வந்துள்ளது.

சென். ஹெலினாவில் சிக்கல் காற்றின் வடிவில் வந்தது. தீவு முழுவதும் மலைப்பாங்கானது. சமதரை கிடைக்காமையால் பள்ளத்தாக்கு ஒன்றைப் பல மில்லியன் கன மீற்றர் கல்லும் மண்ணும் கொண்டு நிரப்பியே ஓடுபாதை அமைக்கப்பட்டது. கடலோரச் செங்குத்துப் பாறைகளின் மேல் உள்ள அந்த இடத்தில், விமானம் தரையைத் தொடும் வேளையில் காற்றின் திசையும் வேகமும் திடீரென மாறிவிடுகின்றன. 2016 ஏப்ரலில் போயிங் 737 விமானமொன்று நடத்திய பரீட்சார்த்தப் பறப்பின்போது மூன்றாவது முயற்சியிலேயே தரையிறங்க முடிந்தது. 1836 ஆம் ஆண்டில் இத்தீவுக்குச் சென்ற சார்ள்ஸ் டார்வின் அங்குள்ள பாறை விளிம்புகளில் வீசும் காற்றின் விசித்திரப் போக்கைக் குறித்து வைத்திருந்தார். இருந்தபோதிலும், அந்தக் காற்றுக்கு உரிய கவனம் முன்கூட்டியே செலுத்தப்படவில்லை என்பது வியப்புக்குரியது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2016 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இது குறித்துக் கடும் கண்டனம் தெரிவிக்கப்பட்டது.

இறுதியில் தென்னாபிரிக்காவின் எயார்லிங்க் நிறுவனம் சிறிய எம்பிரேயர் 190 ரக விமானத்துடன் முன்வந்தது. ஜொஹன்னஸ்பேர்க்கிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை புறப்படும் அந்த விமானம் நமீபியாவில் தரித்து, எரிபொருள் நிரப்பிக்கொண்டு தீவை நோக்கிச் செல்லும். தீவில் இறங்க முடியாவிட்டால் திரும்பி வருவதற்கான எரிபொருளும் அதில் அடங்கும். அந்தப் பாரத்தின் காரணமாக, ஏறத்தாழ 100 பேர் செல்லக்கூடிய விமானத்தில் 76 பேருக்கு மட்டுமே ஆரம்பத்தில் ஆசனம் வழங்கப்பட்டது. 100 பேர் பகிர்ந்துகொள்ள வேண்டிய செலவை 76 பேர் பகிர்வதென்றால் ஒவ்வொருவரின் பங்கும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கால் உயர்ந்துவிடுகின்றது. அதுவும் அந்த 76 ஆசனங்களும் நிரம்பினால் மாத்திரமே. ஆரம்பத்தில் இருவழிக் கட்டணம் 800 பவுணுக்கு மேல் என அறிவிக்கப்பட்டபோது, குறைந்த சம்பளத்தில் வாழும் தீவுவாசிகளுக்கு அது எட்டாத தொகையாகவே தோன்றியிருக்கும்.

இனி இரண்டாவது சிரமத்துக்கு வருவோம். ஒரு விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை எரிபொருளைப் போலவே விலை மதிப்புள்ள மற்றொரு பொருள் விமானத்தின் நேரம். குத்தகைப் பணம், காப்புறுதி, விமானிகளின் சம்பளம் ஆகியன விமானம் தரையில் நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். குறுந்தூரச் சேவையில் ஈடுபடும் ஒரு விமானம் நாளொன்றுக்கு ஆறேழு தடவைகள் பறந்து ஒவ்வொரு தடவையும் பணம் ஈட்டுகின்றது. தீவுக்குச் செல்லும் விமானத்துக்கு ஒரு முழு நாளும் அந்த ஒரே பயணத்தில் கழிந்துவிடும். தீவில் பழுது ஏற்பட்டால் உதிரிப்பாகமும் பொறியியலாளரும் வந்து சேரும் வரையில் அங்கேயே நிற்க வேண்டியதுதான். தீவில் நிரப்பப்படும் எரிபொருளோ கப்பலில் கொண்டுவந்து சேமித்து வைக்கப்படுவது. ஆகவே விலையும் அதிகம். போகும்போது மரக்கறியும் மருந்தும் தபாலுமாக நிரம்பிச் செல்லும் சரக்கறை திரும்பி வரும்போது காலியாகவே இருக்கும். தீவுகள் இறக்குமதி செய்பவை. ஏற்றுமதிக்கு அவற்றிடம் அதிகம் இருப்பதில்லை.

போட்டி இருந்தால் கட்டணம் குறையும் என்பது பொருளியலின் பாலபாடம். அந்தப் பாடம் இங்கே செல்லுபடியாவதில்லை. வாரத்துக்கு எழுபது எண்பது பேர் பயணம் செய்யும் ஒரு மார்க்கத்தை இரு நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டால் இரண்டுமே நட்டமடையும். ஒன்று விலகியதும் மற்றையது தனியுரிமை பெற்றுவிடும். ஈஸ்டர் தீவுக்கு 1960களிலிருந்து லான் நிறுவனமும் அதன் வழிவந்த லற்றாம் நிறுவனமுமே நீண்டகாலமாகப் பறந்து வந்திருப்பது தற்செயலானதல்ல.

ஆகவே எவரோ ஒருவர் மேலதிகமாகக் கொடுத்தே ஆகவேண்டும். ஈஸ்டர் தீவில் அவ்வாறு கொடுப்பவர்கள் உல்லாசப் பயணிகள். கடற்கரையோரம் நிரையாக நிற்கும் பிரமாண்டமான மோவாய் கற்சிலைகளைக் காண்பதற்காக, கொவிட் தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சென்று வந்தனர். அவர்களிடம் கூடிய கட்டணம் அறவிடப்படுவதாலேயே எண்ணாயிரத்தை எட்டாத தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் வழங்க முடிகின்றது. தீவுக்கு அமெரிக்காவினால் கிடைத்த அதிர்ஷ்டமும் ஒன்று உண்டு. விண்வெளி ஓடங்கள் அவசர நிலையில் இறங்குவதற்கு இடம் தேடிய நாசா நிறுவனத்தின் பணத்தில் அங்குள்ள ஓடுபாதை 3,300 மீற்றருக்கு மேல் நீளமாக்கப்பட்டு 1987 இல் திறந்து வைக்கப்பட்டது. ஓடம் எதுவும் அங்கு வந்திறங்கவில்லை. ஆனால், பெரிய ஜெட் விமானங்கள் வந்திறங்கின. விமானம் பெரிதாக ஆக, ஒரு பயணிக்கான செலவு குறையும். இத்தகைய இனாம் எல்லாத் தீவுகளுக்கும் கிடைப்பதில்லை.

நவுரு தீவு தானே பணம் செலுத்த முற்பட்டது. பசுபிக்கில் 21 சதுர கிலோமீற்றர் பரப்பளவும் ஏறத்தாழ 10,000 மக்களும் கொண்ட இந்நாடு 1968 இல் சுதந்திரம் அடைந்தபோது பொஸ்பேற் படிவுகளால் செல்வச் செழிப்புடன் விளங்கியது. அந்தப் பணத்தில் 1970 இல் எயார் நவுரு உருவானது. காலப்போக்கில் அது பல போயிங் ஜெட் விமானங்களுக்குச் சொந்தமாகி, பசுபிக்கின் பல மூலைகளுக்கும் பறந்தது. ஆசனங்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. நட்டத்தை அரசாங்கம் ஈடுசெய்தது. பொஸ்பேற் தீர்ந்தது, முதலீடுகள் கரைந்தன, விமானங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. எஞ்சியிருந்த ஒரேயொரு போயிங் 737 விமானமும் கடன் நிலுவைக்காக 2005 டிசெம்பரில் பறிமுதல் செய்யப்பட்டது. தாய்வானின் உதவியுடன் வேறொரு விமானம் பெறப்பட்டு 2006 இல் சேவை மீள ஆரம்பிக்கும் வரையில் அந்நாட்டுக்குச் சொந்த விமானசேவை இருக்கவில்லை. ஆடம்பரத்தின் விளைவு என இதனைப் பலர் வர்ணிப்பர். ஆடம்பரம் இருந்ததென்பதில் சந்தேகமில்லை. ஆயினும், அளவோடு நடத்தியிருந்தாலும் அந்தச் சேவை தன் காலில் நின்றிருக்க மாட்டாது என்பதையும் மறந்துவிடலாகாது. பத்தாயிரம் பேரின் பயணத் தேவை ஒரு ஜெட் விமானத்தையே நிரப்பப் போதுமானதல்ல.

சென். ஹெலினாவைப் பொறுத்தவரை கொடுப்பவர் பிரித்தானிய வரி செலுத்துவோர். இதற்கு வரலாற்று நியாயம் ஒன்றும் உண்டு. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையில் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஓடிய காலத்தில் இத்தீவு தண்ணீரும் உணவும் வழங்கும் முக்கிய தரிப்பிடமாக இருந்தது. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் அந்த வருமானம் அற்றுப்போனது. கொழும்புத் துறைமுகத்துக்கு வாழ்வளித்த அதே கால்வாய் சென். ஹெலினாவின் வாழ்வைப் பறித்தது எனலாம். பேரரசு அத்தீவை அதன் தனிமைக்காகவும் பயன்படுத்தியது. நெப்போலியன் அங்கு சிறைவைக்கப்பட்டதை எல்லோரும் அறிவர். போயர் யுத்தத்தில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான கைதிகளில் ஒரு பகுதியினர் சென். ஹெலினாவுக்கும் மற்றொரு பகுதியினர் எமது தியத்தலாவைக்கும் அனுப்பப்பட்டனர் என்பது பலர் அறியாத செய்தியாகும். தூரத்தில் இருக்கின்றது என்பதற்காகவே ஒரு தீவைப் பயன்படுத்திய அரசு, அந்தத் தூரத்தின் செலவைத் தீவுவாசிகளின் தலையில் முழுமையாகச் சுமத்திவிட முடியாது.

விமான நிலையம் வருவதற்கு முன்னரும் பிரித்தானியா பணம் கொடுத்தே வந்தது. கேப்டவுனிலிருந்து ஏறத்தாழ ஐந்து நாட்களில் தீவை அடையும் 'சென். ஹெலினா' என்ற தபால் கப்பல் அரச மானியத்திலேயே ஓடியது. அக்கப்பல் முதுமையடைந்ததும் புதிய கப்பலா, விமான நிலையமா என்ற தெரிவு எழுந்தது. விமான நிலையம் தெரிவு செய்யப்பட்டமைக்குக் கூறப்பட்ட காரணம்தான் சர்ச்சைக்குரியது. உல்லாசப் பயணிகள் பெருகுவர், அவர்களின் பணத்தால் தீவு காலப்போக்கில் பிரித்தானிய உதவியின்றி வாழும் என்பதே அந்த எதிர்பார்ப்பு. சில தசாப்தங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 உல்லாசப் பயணிகள் வருவர் எனக் கணிக்கப்பட்டது. வாரத்துக்கு 76 ஆசனங்கள் என்றால் ஆண்டு முழுவதற்கும் நாலாயிரத்துக்குக் குறைவு. அதிலும் கணிசமான பங்கு தீவுவாசிகளுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் உரியது. பெரிய விமானங்கள் இறங்கும் என்ற அனுமானத்தில் போடப்பட்ட கணக்கு, அந்த அனுமானம் பொய்த்ததும் பொருளற்றுப்போனது.

இவ்விடத்தில் எமது அபிப்பிராயத்தைச் சொல்வதானால், தவறு விமான நிலையத்தைக் கட்டியதில் இல்லை. அதனை இலாபம் தரும் முதலீடாகக் காட்டியதிலேயே உள்ளது. மலைக் கிராமத்துக்கு வீதி போடும்போது அந்த வீதி எப்போது இலாபம் தரும் என எவரும் கேட்பதில்லை. தீவுக்கு விமானம் விடும்போது மாத்திரம் அக்கேள்வி எழுகின்றது. கேள்விக்கு விடையளிக்க வேண்டும் என்பதற்காக அதிகாரிகள் பயணிகளின் எண்ணிக்கையை ஊதிப் பெருப்பிக்கின்றனர். எண்ணிக்கை பொய்த்ததும் சேவையே வீண் என்ற முடிவுக்கு மக்கள் வருகின்றனர். தொலைவிலுள்ள பிரதேசங்களுக்கான விமானசேவையைப் பொதுச் சேவையாக வரையறுத்து, குறித்த கட்டணத்தில் குறித்த தடவைகள் பறப்பதற்குக் கேள்விமனுக் கோரி, குறைந்த மானியம் கேட்கும் நிறுவனத்துக்கு வழங்கும் முறை ஐரோப்பிய ஒன்றியத்தில் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவில் 1978 இல் விமானத்துறை மீதான அரச கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டபோதே சிறு ஊர்களுக்கான சேவைகளுக்கு மானியம் வழங்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. சந்தையில் பெரும் நம்பிக்கை கொண்ட நாடே சந்தை எங்கே நின்றுவிடும் என்பதை அறிந்திருந்தது.

உல்லாசப் பயணிகளை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு என்பதை 2020 ஆம் ஆண்டு உணர்த்தியது. கொவிட் தொற்றைத் தொடர்ந்து ஈஸ்டர் தீவுக்கு உல்லாசப் பயணிகள் வருவது 2020 மார்ச்சில் நின்றது. 2022 ஓகஸ்டிலேயே அவர்கள் மீண்டும் வந்திறங்கினர். வருமானமிழந்த பலர் வீட்டுத் தோட்டங்களில் மரக்கறி பயிரிடத் தொடங்கினர். சென். ஹெலினாவிலும் எயார்லிங்க் சேவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தடைப்பட்டது. ஆனால், அக்காலத்தில் பிரித்தானியாவிலிருந்து வாடகைக்கு அமர்த்தப்பட்ட விமானங்கள் அவ்வப்போது சென்று வந்தன. இலாபம் கருதி இயங்கும் சேவைக்கும் கடமை கருதி இயங்கும் சேவைக்கும் உள்ள வேறுபாடு அது.

அந்த ஓடுபாதையின் பயனைப் பயணச்சீட்டு எண்ணிக்கையில் மட்டும் அளவிடுவதும் பொருந்தாது. பயணிகள் சேவை ஆரம்பமாவதற்கு முன்னரே, பயனற்றது எனக் கேலி செய்யப்பட்ட 2016 ஆம் ஆண்டிலேயே, நோயாளர்களை ஏற்றிச் செல்லும் அம்பியூலன்ஸ் விமானங்கள் அங்கு இறங்கத் தொடங்கிவிட்டன. அதற்கு முன்னர் தீவில் ஒருவருக்கு அங்கே செய்யமுடியாத சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், தபால் கப்பல் வரும் நாளை எதிர்பார்த்திருந்து ஐந்து நாள் கடற்பயணம் செய்ய வேண்டும். அல்லது வழியே செல்லும் ஏதாவதொரு கப்பலின் உதவியை நாட வேண்டும்.

தீவின் இளைஞர்களில் பலர் தொழில் நிமித்தம் வாழ்வது சுமார் 1,300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அசென்ஷன் தீவிலும் அதற்கும் அப்பாலுள்ள போக்லந்துத் தீவுகளிலுமாகும். அசென்ஷனின் ஓடுபாதை சிதைவடைந்தமையால் பிரித்தானிய விமானப்படையின் பெரிய விமானங்கள் அங்கு இறங்குவது 2017 இல் நிறுத்தப்பட்டது. 2023 இலேயே அவை திரும்பி வந்தன. அந்த இடைக்காலத்தில் எயார்லிங்கின் சிறிய விமானம் மாதத்துக்கு ஒரு தடவை சென். ஹெலினாவிலிருந்து அசென்ஷனுக்குச் சென்று திரும்பியது. இரு தீவுகளையும் சேர்த்தாலும் ஆறாயிரம் பேர் தேறமாட்டார்கள்; எந்த விமான நிறுவனமும் தானாக விரும்பிப் பறக்கக்கூடிய மார்க்கமல்ல அது. பெற்றோரின் இறுதிக்கிரியைக்கோ பிள்ளையின் திருமணத்துக்கோ ஊர் திரும்ப வேண்டியிருந்தவர்களுக்கு, கொவிட் தடை விதிக்கப்படும் வரையில், இருந்த விமானம் அது ஒன்றுதான்.